உப்புக் காற்றைத் தாங்கும் குருவிப் பெட்டி: ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு

ஓட்டு வீடுகளில் எரவாணம் இருந்தது, கைமரங்களுக்கு நடுவே சந்து இருந்தது. சிட்டுக்குருவி அங்கே தானாகக் கூடு வைத்துக்கொண்டது. தளம் போட்ட வீட்டில் அந்தச் சந்து கிடையாது. ஆனாலும் குருவி தேடுவதை விடவில்லை. மீட்டர் பெட்டிக்குள், கடை ஷட்டர் சுருளுக்குள், ஏ.சி. குழாய்க்காகத் துளைத்த ஓட்டைக்குள் எல்லாம் புல்லைக் கொண்டுபோய் அடைக்கிறது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்ற ஊரில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஊரார் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு போடாமல் இருந்தார்கள். அந்த மனசு நம் பக்கத்து ஊர்களிலும் உண்டு. சரியான பெட்டியைச் சரியான இடத்தில் மாட்டத் தெரிந்தால் போதும்.

கடையில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் மெல்லிய பலகையில், இரும்பு ஆணி அடித்து, வாசலுக்குக் கீழே ஒரு குச்சி நீட்டி, உள்ளும் புறமும் வார்னிஷ் பூசியவை. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கரையில் இவற்றுக்கு ஆயுசு குறைவு. ஆணி துருப்பிடித்துப் பலகை கழன்றுவிடும். அதைவிட மோசம், சித்திரை வெயிலில் மெல்லிய பலகைக்குள் குஞ்சு வெந்துபோகும். இந்தக் கரையில் பெட்டி தோற்பது பெரும்பாலும் சூட்டாலும் காற்றாலும்தான். கீழே உள்ள அளவுகளும் யோசனைகளும் அந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொன்னவை.

எந்தப் பறவை வரும்

மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் கூடு வைக்கும் பறவைதான் பெட்டிக்குள் வரும். தேன்சிட்டு கொடியில் தொங்கும் கூடு கட்டும், தூக்கணாங்குருவி பனையோலையில் கட்டும், சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் கூடும் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரத்தின் மேல் கட்டும். இவற்றுக்குப் பெட்டி வைத்துப் பயனில்லை. வீட்டில் முதன்முதலாகச் செய்பவர்கள் சிட்டுக்குருவியில் தொடங்குவதே நல்லது. மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சாது, கூட்டமாக வாழும், ஒரு வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். மற்ற பறவைகளுக்கான அளவு கடைசியில் இருக்கிறது.

பலகையும் மற்ற சாமான்களும்

முக்கால் அங்குல கனமுள்ள பலகை வேண்டும். சூட்டைத் தடுப்பது இந்தக் கனம்தான், அரை அங்குலத்துக்கு இறங்க வேண்டாம். நம் பக்கம் பூவரசு நல்ல தேர்வு. ஈரத்தில் எளிதில் உளுக்காது. வேம்பும் சரி. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் தேக்குச் சட்டம் இன்னும் நல்லது, விலையும் குறைவு. சாதாரண பிளைவுட் ஒரு வாடைக்காலத்துக்குள் உப்பி, ஏடு ஏடாகப் பிரியும். பழைய வள்ளத்துப் பலகை சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் ஊறியிருக்கும் தாரும் பெயிண்டும் அடைத்த பெட்டிக்குள் சூடாகும்போது குஞ்சுக்கு நல்லதில்லை.

மரக்கடையில் 9 அங்குல அகலத்தில் 5 அடிப் பலகை ஒன்று வாங்கினால் ஒரு பெட்டிக்குப் போதும். அதில் வெட்ட வேண்டியவை:

பின்பலகை: 7 அங்குல அகலம், 14 அங்குல உயரம்
முன்பலகை: 7 அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம்
பக்கப்பலகை இரண்டு: ஐந்தரை அங்குல அகலம், பின்னோரம் 10, முன்னோரம் எட்டரை அங்குலம்
அடிப்பலகை: ஐந்தரைக்கு ஐந்தரை
கூரை: 9-க்கு 9

பக்கப்பலகை இரண்டையும் தனித்தனியாக அளந்து வெட்டினால் சாய்வு ஒத்துவராது. ஐந்தரை அங்குல அகலத்தில், பதினெட்டரை அங்குல நீளத்துக்கு ஒரே துண்டாக எடுங்கள். ஒரு முனையிலிருந்து, ஒரு ஓரத்தில் 10 அங்குலத்திலும் எதிர் ஓரத்தில் எட்டரையிலும் புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு அறுத்தால் ஒரே மாதிரி இரண்டு துண்டு வந்துவிடும்.

ஒன்றரை அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஸ்க்ரூ இருபது வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். ஜி.ஐ. ஆணியின் (துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி) பூச்சு கடற்காற்றில் சீக்கிரம் போய்விடும், பிறகு துரு மரத்தையும் தின்னும். பூவரசும் வேம்பும் ஸ்க்ரூ நேராக ஏறினால் பிளக்கும், அதனால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்பாக ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிட்டால் துளை போட்டுக்கொள்ள வேண்டும். இவை போக பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண், உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம், கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு.

வாசல்

ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மி.மீ. விட்டம். சிட்டுக்குருவிக்கு இது தாராளம். மைனா நுழைய முடியாது, காக்கையின் தலையும் போகாது. ஒன்றரை அங்குலமாக்கினால் குருவிக்கு ஒரு லாபமும் இல்லை, எதிரிக்குத்தான் வசதி. வாசலின் நடு, முன்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஆறேமுக்கால் அங்குல உயரத்தில் வர வேண்டும். அப்போதுதான் உள்ளே தரைக்கும் வாசலுக்கும் நடுவே ஆழம் கிடைக்கும். வெளியே நின்று மூக்கை நீட்டும் காக்கைக்குக் குஞ்சு எட்டாது.

32 மி.மீ. ஹோல் சா இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் வட்டம் போட்டு, கோட்டுக்கு உள்ளே சுற்றிச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, அரத்தால் ராவி உப்புத்தாளால் தேயுங்கள். விரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள், ஒரு சிலாம்பும் குத்தக் கூடாது. ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் தாயும் தகப்பனும் அந்த வழியாகப் போய் வரும்.

வாசலுக்குக் கீழே குச்சி வைக்க வேண்டாம். குருவிக்கு அது தேவையே இல்லை. காக்கையும் அணிலும் நின்று பிடித்துக்கொள்ளத்தான் அது உதவும்.

முன்பலகையின் உட்புறத்தில், வாசலுக்குக் கீழே, ரம்பத்தால் குறுக்காகப் பத்துப் பன்னிரண்டு கீறல் போடுங்கள். இழைத்த பலகை வழுக்கும். பறக்கும் வயது வந்த குஞ்சு மேலே ஏறக் கால் பிடிக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தக் கீறல்தான் அதற்கு ஏணி. இதை மறந்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டால் பிறகு போடுவது கஷ்டம்.

பொருத்துதல்

முதலில் துளைகள். பக்கப்பலகை ஒவ்வொன்றிலும் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு நூல் அளவில் மூன்று துளை, காற்றுப் போக. அடிப்பலகையின் நான்கு மூலையிலும் அதே அளவில் ஒவ்வொன்று, தண்ணீர் வடிய. மழை நுழையுமே என்று பயந்து காற்றுத் துளையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கூரை இரு பக்கமும் வெளியே நீண்டிருப்பதால் மழை அதிகம் நுழையாது. சூடு வெளியேற அந்தத் துளைகளை விட்டால் வழியில்லை.

பின்பலகையில் கீழிருந்து 2 அங்குலம் விட்டுக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அடிப்பலகையையும் ஒரு பக்கப்பலகையையும் பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பிறகு முன்பலகையை அதே பக்கப்பலகையோடும் அடிப்பலகையோடும் சேருங்கள். இப்போது ஒரு பக்கம் திறந்திருக்கும். அதுதான் கதவு.

கதவுக்குக் கீல் வேண்டாம், கீல் துருப்பிடித்து இறுகிவிடும். இரண்டாவது பக்கப்பலகையின் மேல் விளிம்பில் ஒரு நூல் அளவு இழைத்துக் குறைத்து அந்த இடத்தில் நிறுத்துங்கள். அடியிலிருந்து ஏழரை அங்குல உயரத்தில், முன்பலகை வழியாக ஒரு ஸ்க்ரூ, நேர் எதிரே பின்பலகை வழியாக ஒரு ஸ்க்ரூ. இந்த இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூல் ஏறி இறங்கினாலும் கதவு கோணிக்கொண்டு நிற்கும். கீழ்ப்பக்கத்தை இழுத்தால் பலகை இந்த இரண்டு ஸ்க்ரூவிலும் சுழன்று வெளியே திறக்கும். மூடியபின் கீழ் மூலையில் முன்பலகை வழியாக இன்னொரு ஸ்க்ரூ போட்டுவிட்டால் அதுவே தாழ்ப்பாள். ஸ்குரூடிரைவர் இல்லாமல் யாரும் திறக்க முடியாது. பிள்ளைகள் ஆசையில் திறந்து பார்ப்பதும் நிற்கும்.

கூரையைப் பின்பலகையோடு ஒட்டிச் சாய்வாக வைத்து, ஸ்க்ரூ போடுங்கள். பக்கப்பலகை அசையாத பக்கத்திலும் முன்பலகையிலும் மட்டும். கதவுப் பலகையில் போட்டுவிட்டால் கதவு திறக்காது. முன்னால் இரண்டரை அங்குலம், இரு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் கூரை வெளியே நிற்கும். கூரையும் பின்பலகையும் சேரும் இடத்தில்தான் வாடை மழை ஒழுகும். அங்கே சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, பாதி பின்பலகையிலும் பாதி கூரையிலும் படும்படி ஒட்டி அடித்துவிடுங்கள்.

உள்ளே எதுவும் பூசக் கூடாது. வெளியே மட்டும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தடவி, நிழலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். கூரையின் மேலே சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பு, அடர் பச்சை, காவி எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சூட்டை இழுக்கும்.

எங்கே, எந்தத் திசையில்

பெட்டி செய்வதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இடம் தேர்வில் பலர் காட்டுவதில்லை. காலியாகக் கிடக்கும் பெட்டிகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இந்தக் கரையில் இரண்டு காற்று. ஆனி முதல் ஆவணி, புரட்டாசி வரை கச்சான், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மணலை வாரிக்கொண்டு வரும். தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு அதன் வேகம் தெரியும். ஐப்பசியிலிருந்து வாடை, வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். வாசல் இந்த இரண்டையும் பார்க்கக் கூடாது, மேற்கு வெயிலையும் பார்க்கக் கூடாது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கிழக்கும் தென்கிழக்கும். தேவிபட்டினம், தொண்டி, திருப்பாலைக்குடி போல வடகடலைப் பார்த்த ஊர்களில் வாடை நேராக அடிக்கும், அங்கே அக்னி மூலையைப் பார்த்து, சன்ஷேடுக்கு அடியில் மாட்டுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற தென்கடல் ஊர்களில் கிழக்கு போதும்.

சந்தேகமாக இருந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை சுவரில் நேராக மோதினால் இடத்தை மாற்றுங்கள். சுவரை ஒட்டி ஒதுங்கிப் போனால் சரி. அதேபோல், மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். பத்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அந்தச் சுவர் வேண்டாம்.

உயரம் 8 முதல் 10 அடி. பூனை காம்பவுண்டு சுவரிலிருந்தும் படிக்கட்டுக் கைப்பிடியிலிருந்தும் தாவும், எனவே பெட்டியைச் சுற்றி 4 அடிக்குள் கால் வைக்க இடம் இருக்கக் கூடாது. ஃபேன் ஓடும் அறைக்குள்ளோ, ஃபேன் உள்ள தாழ்வாரத்திலோ ஒருபோதும் வேண்டாம். குருவிக்கு ஓடும் இறக்கை கண்ணுக்குத் தெரியாது.

சுவரில் ராவல் பிளக் வைத்து இரண்டரை அங்குல எஸ்.எஸ். ஸ்க்ரூ மேலே ஒன்று, கீழே ஒன்று. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலக் கட்டை கொடுத்தால் சுவர்ச் சூடு ஏறாது, மழைத்தண்ணீரும் வழிந்துபோகும். மிஞ்சிய பலகைத் துண்டை இழைத்து இதற்குப் பயன்படுத்தலாம். கயிற்றில் தொங்கவிடும் பெட்டி கச்சான் காலத்தில் ஊஞ்சலாடும், முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையும். தென்னையில் மாட்டுவதானால் ஆணி அடிக்காதீர்கள். காயம் பட்ட தென்னையைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள், வருஷம் ஒருமுறை கயிற்றை மாற்றுங்கள்.

மார்கழியில் மாட்டிவிட்டால் தை, மாசியில் ஜோடி இடம் பார்க்கும்போது புது மர வாசனை போயிருக்கும். சிட்டுக்குருவி கூட்டம் விரும்பும் பறவை, இரண்டு மூன்று பெட்டிகளைச் சில அடி இடைவெளியில் வைத்தால் தனிப் பெட்டியைவிடச் சீக்கிரம் குடிவரும்.

நரம்பும் வலைத்துண்டும்

பெட்டிக்குள் நீங்கள் எதுவும் பரப்ப வேண்டாம். கூடு கட்டுவது குருவியின் வேலை. ஆனால் அது எதை எடுத்துக் கட்டுகிறது என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டு. மீன்பிடி ஊர்களில் தூண்டில் நரம்பும் நைலான் வலைத்துண்டும் எங்கும் கிடக்கும். குருவிக்கு அது நல்ல நாராகத் தெரியும், எடுத்துப் பின்னிவிடும். குஞ்சின் காலில் ஒரு சுற்று விழுந்தால் போதும். கால் வளர வளரச் சுற்று இறுகி, கணுவுக்குக் கீழே வீங்கிக் கறுக்கும். உடன்பிறந்தவை பறந்தபின்னும் அது மட்டும் கூட்டோடு கட்டுண்டு கிடந்து சாகும். பார்க்கக் கொடுமையான சாவு, முழுக்க நம்மால் வருவது.

வீட்டைச் சுற்றி அரைத் தெரு தூரம் நரம்பையும் வலைத்துண்டையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அதற்குப் பதிலாகத் தென்னை நாரை விரல் நீளத்துக்கு வெட்டி, காய்ந்த புல், கோழி இறகோடு ஒரு மூலையில் போட்டு வையுங்கள். நீள நார் வேண்டாம், அதுவும் சுற்றும்.

குடிவந்த பிறகு

சிட்டுக்குருவி 3 முதல் 5 முட்டை வரை இடும். அடைகாப்பது 10 முதல் 14 நாள், பொரித்த குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அடை காக்கும்போது கதவைத் திறக்காதீர்கள். குஞ்சு இறகு முளைத்த பிறகு திறப்பது இன்னும் ஆபத்து, மிரண்டு பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. இறகு முளைத்தது தரையில் தத்திக்கொண்டிருந்தால் பூனை எட்டாத செடியில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். தாய் வந்து ஊட்டும். முட்டையையோ கூட்டையோ கலைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

தாய்க்குருவி கம்பும் நொய்யும் தின்னும், ஆனால் பிறந்த குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஆகாரம். வாசலில் அவரைக்கொடியும் முருங்கையும் வைத்து, மருந்து அடிக்காமல் விட்டாலே அது கிடைக்கும். தண்ணீர் வைப்பதானால் குடிக்கிற தண்ணீரை வையுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்பு, மண்சட்டியில் வெயிலில் வற்ற வற்ற உப்பு இன்னும் ஏறும். ஓரங்குல ஆழம் போதும், தினமும் மாற்ற வேண்டும்.

ஒரு மாதம் ஆகியும் வரவில்லையே என்று பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பருவம் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். பாதி கட்டி விட்டுப் போயிருந்தால் உள்ளே குளவியோ எறும்போ இருக்கிறதா என்று பாருங்கள். குளவி வராமலிருக்கக் கூரையின் உட்புறத்தில் சோப்புக் கட்டியை ஒருமுறை தேய்த்துவிடலாம். எறும்பு மருந்தோ கொசு மருந்தோ பெட்டியின் பக்கமே வேண்டாம்.

மற்ற பறவைகளுக்கு

மைனாவுக்கு 2 அங்குல வாசல், உள்ளே 7-க்கு 7 தரை, 12 அங்குல உயரம். வண்ணாத்திக்குருவிக்கும் கருஞ்சிட்டுக்கும் முன்பலகையின் மேல்பாதியைத் திறந்து விட்ட பெட்டி பிடிக்கும். இவை எல்லை காக்கும் பறவைகள், ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். புள்ளி ஆந்தைக்கு 3 அங்குல வாசல், 8-க்கு 8 தரை, 15 அங்குல உயரம், அடியில் ஒரு கைப்பிடி மரத்தூள். பச்சைக்கிளிக்கும் ஆந்தைக்கும் மொட்டைப் பனையைவிட நல்ல பெட்டியை எந்த ஆசாரியாலும் செய்ய முடியாது. தோட்டத்தில் பட்டுப்போன பனை நின்றால், வீட்டின் மேல் விழும் என்ற பயம் இல்லாதவரை, அப்படியே விட்டுவிடுங்கள்.

வருஷப் பராமரிப்பு

குஞ்சு பறந்த இரண்டு மூன்று நாளில், அடுத்த முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய கூட்டை எடுத்துவிடுங்கள். மூக்கை மறைத்துத் துணி கட்டி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே உண்ணியும் தூசும் இருக்கும். கொதித்த தண்ணீரை ஊற்றிக் கழுவி, கதவைத் திறந்தபடி அரை நாள் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள். எடுத்த கூட்டை உதிர்த்துப் பார்த்தால் எத்தனை நரம்புத் துண்டு வந்திருக்கிறது என்று தெரியும், அடுத்த முறை எவ்வளவு தூரம் பொறுக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். புரட்டாசியில், வாடை தொடங்குமுன், டியூப் வெடித்திருக்கிறதா, சுவர் ஸ்க்ரூ ஆடுகிறதா, வடிகால் துளை எச்சத்தால் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கூரைக்கு இன்னொரு கை சுண்ணாம்பு அடியுங்கள்.